லேடீஸுக்குத் தனி லிஸ்ட் வேண்டாங்க

நேற்றிலிருந்து சுற்றும் அந்த ‘டாப் 10 காமெடியன்கள்’ பட்டியலை இங்கே மறுபடி ஒட்டப் போவதில்லை, எல்லாரும் பார்த்தாயிற்று, பாதிப் பேர் பகிர்ந்தும் ஆயிற்று. பத்துப் பெயரில் ஒரு பெண் இல்லை. சரி, மறதியாக இருக்கும் என்றுதான் “மனோரமா எங்கே?” என்று ஒரே ஒரு வரி கேட்டேன். “லேடீஸுக்குத் தனி லிஸ்ட் போட்டுடலாம் மேடம்” என்று பதில், கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை.

தனி லிஸ்ட் எதற்கு? இதென்ன டவுன் பஸ்ஸா?

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஒரு ஊரே நடித்திருக்கிறது. அதில் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்து வாயைத் திறந்தால் வேறு யார் பக்கமாவது உங்கள் கண் போயிற்றா? ‘கல்யாண பரிசு’ படத்தில் தங்கவேலு விடும் மன்னார் அண்ட் கம்பெனி புளுகுக்கு இன்னும் சிரிக்கிறோமே, எதிரே அதை அப்படியே நம்பிக்கொண்டு எம். சரோஜா நிற்காவிட்டால் அது வெறும் பொய்தானே. யூடியூபில் கோவை சரளா வடிவேலுவைப் புரட்டி எடுக்கும் காட்சிக்கெல்லாம் தலைப்பு என்ன? ‘வடிவேலு காமெடி’. அடித்த கைக்குப் பெயர் இல்லை.

பொள்ளாச்சியில் எங்கள் அத்தை ஒருத்தர் இருந்தார். டிவியில் ‘சதி லீலாவதி’ ஓடினால் சின்ன வெங்காயம் உரித்தபடியே, கோவை சரளா பேசப் பேச, “நம்மூட்டுப் புள்ளயாட்டவே பேசறா பாரு கண்ணு” என்பார். கல்யாண வீட்டுச் சமையல்காரர் உப்புப் பார்க்கும் விதம், பெரிய மாமனார் தும்முவதற்கு முன்னால் காட்டும் முகம், எல்லாம் அச்சு அசலாகச் செய்வார். சமையற்கட்டுக்குள் மட்டும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். அதே தும்மலை மாமா திண்ணையில் செய்து காட்டி ஊரெல்லாம் “உங்க மாமா பயங்கரத் தமாஷுங்க” என்று பெயர் வாங்கினார். அத்தை காபி கொண்டுவந்து கொடுத்தார்.

“எதற்கெடுத்தாலும் பெண்ணியமா” என்பவர்கள் அப்படியே நகரலாம். ரசனை அவரவர் இஷ்டம் என்றால் ஒத்துக்கொள்கிறேன், என் பட்டியலிலும் கவுண்டமணிதான் முதலில். ஆனால் “மனோரமா ஆச்சி குணச்சித்திர நடிகை, காமெடியன் இல்லை” என்று ஒருத்தர் விளக்கம் சொன்னார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர்நீச்சல்’ என்று நாகேஷும்தான் நம்மை அழவைத்தார். அதற்காக அவரைப் பட்டியலிலிருந்து தூக்கினீர்களா? அவர் அழவைத்தால் மேதை, இவர் அழவைத்தால் வேறு டிபார்ட்மெண்டா?

பெண்களுக்குக் காட்சிகளே குறைவு என்றும் ஒரு வாதம். அது கொஞ்சம் உண்மைதான். குறைவாகக் கொடுத்தது யார் என்று நான் கேட்டால் சண்டை வரும். ‘மைக்கேல் மதன காம ராஜன்’ படத்தில் எஸ்.என். லட்சுமி, அந்தத் திருட்டுப் பாட்டி, வருவது கொஞ்ச நேரம்தான். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அத்தையின் தும்மலும் ஊருக்கு மாமாவின் தும்மல்தான்.

இதை எழுதி முடிப்பதற்குள் பட்டியலைத் திருத்திவிட்டார்களாம், போய்ப் பார்த்தேன். பத்துப் பெயரும் அப்படியே இருக்கின்றன. கீழே, எண் போடாமல், ‘மற்றும் ஆச்சி’.