அம்மாவின் பட்டன் போனும் 199 ரூபாயும்

என் தம்பி ஒரு வழக்கில் கைதாகி, விசாரணைக் கைதியாகப் பதினோரு மாதம் உள்ளே இருந்தான். இப்போது ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு நடக்கிறது, அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பதினோரு மாதம் அவன் குரலைக் கேட்க எங்கள் அம்மா செய்த செலவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மத்திய சிறை கிடையாது. அரூர் பக்கம் எங்கள் ஊரிலிருந்து மனு பார்க்க, அதாவது சிறைக்குப் போய் அவனை நேரில் சந்திக்க, போய் வர ஒரு முழு நாள் ஆகும். பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தான், வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். அம்மா குச்சிக்கிழங்குக் காட்டில் கூலி வேலை செய்கிறவர். மனுவுக்குப் போனால் அன்றைய கூலியும் போச்சு, கைக்காசும் போச்சு. அதனால் மாதம் ஒரு மனு, மீதியெல்லாம் போன்தான்.

தமிழ்நாட்டுச் சிறைகளில் 2023இல் இந்த வசதியைக் கூட்டினார்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, மாதம் 10 அழைப்பு, ஒவ்வொன்றும் 12 நிமிடம், வீடியோ அழைப்பும் உண்டு. நல்ல ஏற்பாடு, மனசாரச் சொல்கிறேன். ஆனால் பேசுகிற காசு தம்பி கணக்கிலிருந்து போகும், அந்தக் கணக்கில் பணம் கட்டுவது நாங்கள். தண்டனைக் கைதி வேலை செய்தால் கூலி உண்டு. விசாரணைக் கைதிக்குப் பொதுவாக அதுவும் இல்லை. சோப்பு, பிஸ்கட், போன் எல்லாமே வீட்டுக் காசு.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ரீசார்ஜ் தீர்ந்தால் வெளியே பேச முடியாது என்பது மட்டுமில்லை, கொஞ்ச நாளில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும். முன்பெல்லாம் பத்து ரூபாய் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இன்கமிங் வாங்கிக்கொண்டிருந்தோம். அம்மா போட்ட சின்ன பேக்கில் 28 நாளுக்கு ஒரு முறை போட்டே ஆக வேண்டும். 2024 ஜூலையில் 179 ரூபாய் பேக் 199 ஆனது. பட்டன் போனில் இன்டர்நெட் பார்க்காத அம்மா, மகன் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அந்த 199ஐக் கட்டினார்.

ஒரு தடவை தவறிவிட்டது. மழையில் பத்து நாள் வேலை இல்லை, கையில் காசு இல்லை, பேக் முடிந்ததும் தெரியவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, கம்பெனி அனுப்பிய மெசேஜ் அவருக்கு வெறும் 'டிங்' சத்தம்தான். தம்பி கூப்பிடும் நாளைச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருப்பார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல், சிக்னல் கிடைக்கிற புளியமரத்தடியில் போனை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். போன் அடிக்கவே இல்லை. சிறையில் பதிவு செய்திருந்தது அந்த ஒரு நம்பர்தான். அடுத்த முறை வரும்வரை, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்றே தம்பி நினைத்திருக்கிறான். மறுபடி பேசியபோது அவன் கேட்ட முதல் வார்த்தை, "அம்மா, உசுரோடதான் இருக்கியா?" அம்மா, "சோறு தின்னியா கண்ணு" என்றார். 12 நிமிடத்தில் பாதி அழுகையிலேயே போனது.

"தப்பு செஞ்சவனுக்கு எதுக்கு போன் சலுகை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட வீட்டில் நின்று கேட்டால் அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2022 கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிமன்றமும் சொல்லாதவர்கள். குடும்பத்தைச் சந்திப்பது கைதியின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1981லேயே, பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் சொல்லிவிட்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவி என்ன தப்பு செய்தார்?

அமெரிக்காவில் மார்த்தா ரைட் என்று ஒரு பாட்டி இருந்தார். கண் பார்வை இல்லாதவர், கடிதம் எழுத முடியாது. சிறையிலிருந்த பேரனோடு பேச போன் ஒன்றுதான் வழி. அங்கே சிறை போன் தனியார் கம்பெனிகள் கையில், கட்டணமோ கொள்ளை. 2000இல் வழக்குப் போட்டார். கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவர் பெயரிலேயே 2023 ஜனவரியில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கனெக்டிகட் மாநிலம் சிறை அழைப்புகளை இலவசமாக்க 2021லேயே சட்டம் போட்டது, 2023இல் கலிபோர்னியாவிலும் இலவசமானது. இதைப் படித்தபோது எனக்கு அம்மா முகம்தான் வந்தது. எழுத்து எட்டாதவர்களுக்குப் போன்தான் கடிதம்.

எங்களுக்காவது தமிழ்நாட்டுக்குள் சிறை. சித்தேரி மலையிலிருந்து செம்மரம் வெட்டப் போனார்கள் என்று பிடிபட்டு ஆந்திரச் சிறையில் கிடந்தவர்களின் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வேறு மாநிலம், தெரியாத பாஷை, மலையில் சிக்னலே பாதி நாள் இருக்காது. அந்த வீட்டுப் பெண்கள் மனுவுக்கு எப்படிப் போவார்கள்?

அரசிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. விசாரணைக் கைதியின் போன் செலவை அரசே ஏற்கட்டும், மாதம் 120 நிமிடம்தானே. எடுக்காமல் போன அழைப்பை ஒரு முறையாகக் கணக்கு வைக்காமல் அன்றைக்கே இன்னொரு தடவை பேச விடட்டும். பட்டன் போன் வைத்திருக்கிற அம்மாக்களும் மகன் முகத்தைப் பார்க்க, பஞ்சாயத்து ஆபீஸில் வீடியோ அழைப்புக்கு ஒரு மேசை போடட்டும்.

உங்கள் வீட்டில் யாராவது உள்ளே இருந்தால், சிறையில் பதிவு செய்த நம்பரின் ரீசார்ஜ் தேதியைப் பக்கத்து வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100, இலவசம். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், இப்போதைய வழக்கின் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்) 479ஆம் பிரிவில் வெளியே வர வழி இருக்கிறது. ஆயுள், மரண தண்டனை வழக்குகளுக்கும், வேறு வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது. வக்கீலிடம் இந்தப் பிரிவு நம்பரைச் சொல்லியே கேளுங்கள்.