ஜாயினிங் லெட்டர் குடுத்தா வேலை முடிஞ்சுதா?

போன வாரம் பாலக்காட்டுல நடந்த அந்த விழா போட்டோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, நெறைய பேரு எனக்கே ஃபார்வர்டும் பண்ணீங்க. மனநோய் இருக்கறவங்களுக்கு வேலை வாங்கிக் குடுக்கற அமைப்புக்காரங்க, எத்தன பேருக்கு வாங்கிக் குடுத்தோம்ங்கற கணக்க மேடையில வாசிச்சாங்க, கைதட்டுனாங்க. எனக்கு ஒரே கேள்விதான். அந்த லிஸ்ட்ல இருக்கறவங்கள்ல இன்னிக்கு எத்தன பேரு வேலையில இருக்காங்க? அத யாரும் சொல்லல, ஏன்னா யாரும் எண்ணல.

சேந்த நாள மட்டும் எண்ணாதீங்க. ஆறு மாசம் கழிச்சு எண்ணுங்க.

என் தம்பி பேரும் அதுல இருக்கு. கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை. ராத்திரி மாத்திரை போட்டா அவனால காலையில நேரத்துல எந்திரிக்க முடியாது, நைட் ஷிப்டும் விடியக்கால ஷிப்டும் வேண்டாம்னு முன்னாடியே சொன்னோம், சரி சரின்னு தலையாட்டிட்டு மாறி மாறி வர்ற ஷிப்ட்லயே சேத்துவிட்டாங்க. ரெண்டாவது மாசம் நின்னுட்டான். ஏன் வரலன்னு ஒருத்தரும் போன் பண்ணிக் கேக்கல. கணக்குல அவன் இன்னும் வேலை கிடைச்சவன்.

உலகத்துல யாருமே எண்ணாத கணக்கையா நான் கேக்கறேன்? 2007ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஐரோப்பாவுல ஆறு ஊர்ல கடுமையான மனநோய் இருக்கற 312 பேரு. ஐபிஎஸ்னு (Individual Placement and Support) ஒரு முறை, ட்ரெய்னிங் ட்ரெய்னிங்னு உக்கார வைக்காம நேரா வெளி வேலை தேடிக் குடுத்து, சேந்த பிறகும் கூடவே நிக்கறது. அதுல 55 சதவீதம் பேரு ஒரு நாளாவது வேலை பாத்தாங்க, மொதல்ல ட்ரெய்னிங் குடுக்கற மத்த முறையில 28. ஒரு நாள்தானான்னு கேப்பீங்க. அவங்க அதோட நிறுத்தல, 18 மாசம் பின்னாடியே போய் எத்தன மணி நேரம் வேலை பாத்தாங்க, எவ்வளவு நாள் நிலைச்சாங்க, திரும்ப ஆஸ்பத்திரியில சேந்தாங்களான்னு எல்லாம் எண்ணுனாங்க. திரும்ப அட்மிட் ஆனவங்க ஐபிஎஸ்ல 20 சதவீதம், மத்ததுல 31. வேலைக்கு அனுப்புனா நோய் கூடிரும்னு பயப்படற வீட்டுக்காரங்க இதப் படிக்கணும்.

"பண்டு தர்றவங்க இந்த நம்பரத்தானே கேக்கறாங்க"ன்னு அமைப்புக்காரங்க நீங்க சொல்வீங்க. நியாயம்தான், அவங்ககிட்டயும் இதையே பேசுங்க. "சும்மா வீட்டுல இருக்கறதுக்கு இது மேல் இல்லையா"ன்னு ஒரு அக்கா கமெண்ட் போட்டிருந்தாங்க. இல்லீங்கக்கா. வேலைய விட்டுட்டு வந்தவன் யாரு மூஞ்சியும் பாக்காம ரூமுக்குள்ளயே கிடந்தான், இனி எதுக்கும் லாயக்கில்லன்னு அம்மாகிட்ட அழுதான். அது ரிப்போர்ட்ல எந்தக் கட்டத்துல வரும்?

இப்ப வேலந்தாவளம் பக்கம் ஒரு காய்கறிக் கடைக்குப் போறான், பத்து மணிக்கு மேல. நாங்களா தேடுனது. வரலைன்னா கடைக்கார சேட்டன் போன் பண்ணுவாரு, ரெண்டு நாள் முடியலன்னா மூணாவது நாள் வாடான்னு சொல்வாரு. ஒரு வருஷம் ஆகப்போகுது. சம்பளம் கம்மி, அதுல எனக்கு வருத்தம் உண்டு. ஆனா அவன் காசுல அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கிட்டு வர்றான். இந்த வேலை யாரு கணக்குலயும் இல்ல, கஞ்சிக்கோட்டு வேலை மட்டும் போட்டோவோட இருக்கு. எனக்கு வலிக்காதா?

"ஸ்டாஃப் கம்மி, ஒவ்வொருத்தர் பின்னாடியும் போக முடியுமா"ன்னா, அப்ப கூட்டத்தக் கொறைங்க. ஐபிஎஸ்லயே ஒரு ஸ்டாஃபுக்கு 20 பேருக்கு மேல குடுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. பத்துப் பேர சேத்து கூட நில்லுங்க. அதுவும் முடியலன்னா மாசம் ஒரு போன் பண்ணுங்க, அம்மா வீட்டுலதான் இருக்காங்க, எடுப்பாங்க.