காசு வாங்காத வேலைக்கும் கடதாசி வேணும்

போன சனிக்கிழமை மத்தியானம். கொம்பனி கராஜின் ஏசி அறைக்குள் நான், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பொனற் திறந்தபடி என் கார். ஒரே குறைக்காக மூன்றாவது தடவை வந்திருக்கிறேன். எஞ்சின் விளக்கு எரிகிறது, பஸ்ஸை முந்துவதற்கு மிதித்தால் வாகனம் இழுக்காது. கணினியைத் தட்டிப் பார்த்த தம்பி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "அண்ணை, இந்தக் குறைக்கு உங்கட வாகனம் இப்பத்தானே முதல்முதல் வருது."

விசர்தான் வந்தது. புதுக்குடியிருப்பில் இருந்து பரந்தன் வந்து, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய்வர 180 கிலோமீற்றர் தாராளமாகப் பிடிக்கும். அதை இரண்டு தடவை ஓடி, ஒரு தடவை வாகனத்தை இரண்டு நாள் அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பியவன் நான். முதல் தடவை ஏதோ சென்சர் மாற்றினார்கள். அடுத்த தடவை, எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்துவிடும் திறொட்டில் பொடியைக் கழற்றிக் கழுவியதாகச் சொன்னார்கள். இரண்டு தடவையும் பில் கேட்டேன். இரண்டு தடவையும் ஒரே பதில்: "வொரண்டியில செய்தது அண்ணை. காசு எடுக்கேல்லத்தானே, பில் வராது." காசு மிச்சம் என்ற சந்தோசத்தில் நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். முதல் வரவில் 10,000 கிலோமீற்றர் சேர்விஸ் என்று மட்டும் இருக்கிறது. இரண்டாவதில், குறை எதுவும் காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. காணாத குறைக்குத் திறொட்டிலை எதற்குக் கழற்றினீர்கள் என்று கேட்டேன். தம்பி மனேஜரைப் பார்த்தார், மனேஜர் போனைப் பார்த்தார்.

வொரண்டி வேலை எங்களுக்குத்தான் இலவசம், கராஜுக்கு அல்ல. உதிரிப்பாகத்தின் காசையும் கூலியையும், கராஜை நடத்தும் விற்பனை முகவர் உற்பத்திக் கொம்பனியிடம் கோரி வாங்குகிறார். அப்படிக் கோருவதென்றால் சேசிஸ் இலக்கம், வாகனம் வந்த திகதி, ஓடிய கிலோமீற்றர், வாடிக்கையாளர் சொன்ன குறை, கண்ட காரணம், செய்த வேலை, பாகத்தின் இலக்கம் எல்லாம் எழுதத்தான் வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும், கொம்பனி கேட்டால் காட்டுவதற்காகத் துண்டு கட்டி வைத்திருப்பது வழக்கம். ஆக, கடதாசி இருக்கிறது, எங்கள் கைக்கு வருவதில்லை. இல்லையென்றால் அது அதைவிட மோசம். அந்தச் சென்சரை உண்மையில் மாற்றினார்களா என்று கேட்க வேண்டி வரும்.

இது என் ஒருவனின் கதையும் இல்லை. பக்கத்துக் காணி அண்ணையின் உழவு இயந்திரத்தில், காலபோக உழவு நடுவில் ஹைட்ரோலிக் பம்ப் போனது. ஏஜென்சியில் இருந்து ஆள் வந்து, வயல் வரம்பில் வைத்தே புதிதாக மாற்றிக் கொடுத்தார். அண்ணைக்கு அவர் தெய்வம். அடுத்த காலபோகத்தில், வொரண்டி முடிந்து சில கிழமைக்குள், அதே பம்ப் திரும்பவும் போனது. முதல் மாற்றியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அன்றைக்கு வயலில் நின்ற கொக்கைத் தவிர அண்ணையிடம் சாட்சி இல்லை.

எனக்கு இதில் விளங்காத ஒன்று, நாங்கள் எப்படி இப்படி ஏமாந்தோம் என்பதுதான். உடுப்பை விட்டாலும் பைலை விடாத சனம் இது. காணிப் பெர்மிற்றையும் பிறப்புச் சான்றிதழையும் சொப்பிங் பைக்குள் சுற்றி, பங்கருக்குள்ளும் நெஞ்சோடு வைத்திருந்த ஆட்கள். 2009க்குப் பிறகு, தொலைந்த ஒரு கடதாசிக்காகக் கிராம சேவகரிடமும் கச்சேரியிலும் எத்தனை நாள் நின்றோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கும். அப்படிப்பட்ட நாங்கள் பல இலட்சம் கடன்பட்டு வாங்கிய வாகனத்துக்கு வாய்ப்பேச்சை நம்புகிறோம்.

ஒரு காரணம் பழக்கம். முன்பு எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கைமாறி வந்த வாகனங்கள்தான். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் மூடி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகுதான், லீசிங்கோடு புது வாகனங்கள் கொஞ்சம் கண்ணில் படுகின்றன. சந்திக் கராஜ்காரரிடம் நான் ஒருநாளும் பில் கேட்டதில்லை. அவர் பிழை விட்டால் பின்னேரம் அவர் வீட்டுப் படலையில் போய் நிற்கலாம். கொம்பனியில் அப்படியா? இன்றைக்கு இருக்கிற தம்பி அடுத்த மாதம் கட்டாரில் இருப்பார். (அவரில் எனக்குக் கோபமில்லை. மேலே இருப்பவர் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார்.)

கலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. புது வாகனம் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள், உயிராபத்தான குறைக்கு 2 தடவை, வேறு குறைக்கு 4 தடவை திருத்தியும் சரிவராவிட்டால், அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் கராஜில் கிடந்தால், திருத்துவதற்கு உற்பத்தியாளர் போதிய வாய்ப்பைப் பெற்றுவிட்டார் என்றுதான் கொள்ளப்படும். பிறகு மாற்று வாகனமோ காசோ கேட்கலாம். தடவையையும் நாளையும் எண்ணுவது கடதாசியை வைத்துத்தான்.

இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி அங்கே முறையிடலாம், ஆனால் எழுத்தில், 3 மாதத்துக்குள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, ஆனால் அது விற்பனைக்கு. ஒரு சதமும் வாங்காத திருத்த வேலைக்கும் அதைத் தெளிவாக எழுதிச் சேர்த்தால் என்ன?

அதுவரை, வாகனத்தை எடுக்கும்போது கேட்டுப் பிரயோசனமில்லை, கொடுக்கும்போதே கேளுங்கள். வாகனத்தைப் பொறுப்பெடுக்கும்போது அவர்கள் எழுதும் ஜொப் கார்ட்டில் "ஜெனரல் செக்" என்று எழுத விடாதீர்கள். மிதித்தால் இழுக்கவில்லை, விளக்கு எரிகிறது என்று நீங்கள் சொன்னது சொன்னபடி ஏற வேண்டும். கையெழுத்து வைக்க முதல் அதைப் போனில் படம் எடுங்கள், கிலோமீற்றரையும் எடுங்கள். பில் வராது என்றால், தொகை பூச்சியம் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் அன்றிரவே அவர்களின் வட்ஸ்அப்புக்கு, "இன்று இந்த வாகனத்துக்கு இந்தப் பாகம் மாற்றினீர்கள், சரிதானே?" என்று ஒரு வரி. ஓம் என்று பதில் வந்தாலே அது ஒரு கடதாசி.

நான் இப்போது சேசிஸ் இலக்கத்தைப் போட்டு, முழுத் திருத்த விபரமும் கேட்டு, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். கராஜுக்கும் ஒரு பிரதி போனது. நேற்று மனேஜரே போன் எடுத்தார். "ஐயா, கச்சேரியில வேலையோ?" என்று கேட்டார். இல்லை, கடை வைத்திருக்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை வாகனத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கடையில் இருந்து இரண்டு காபன் தாள் எடுத்து டாஷ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டேன்.