நான்கெழுத்து முடிவு துறையைத் தீர்மானிக்காது

'உள்முக இயல்புள்ள மருத்துவர்களுக்கு, ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைக் கொண்டு நோயறியும் கதிரியல்தான் பொருந்தும், அறுவை சிகிச்சை ஒத்துவராது என, ஆளுமையை நான்கெழுத்து வகைகளாகப் பிரிக்கும் எம்பிடிஐ சோதனை நிரூபித்துள்ளது' என்று சொல்லப்படுவது சரியல்ல. உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளின் அடிப்படையில் இசபெல் மையர்ஸும் அவருடைய தாயாரும் உருவாக்கிய அச்சோதனை, விருப்பத்தைக் காட்டுமே தவிரத் திறமையை அளப்பதில்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு வகையே மாறிவிடுகிறது. கதிரியல் தனிமையான வேலை என்பதும் தவறு. புதுச்சேரியில் ஏதேனும் ஒரு ஸ்கேன் அறையைப் பாருங்கள்: கர்ப்பிணியின் வயிற்றில் கருவியை நகர்த்தியபடியே அவருடைய அச்சத்துக்கும் மருத்துவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு இடத்துக்காக ஐஎன்ஐ-செட் நுழைவுத்தேர்வு எழுதும் தம்பி தங்கைகள், பயிற்சி மருத்துவராக இருந்தபோது எந்த வார்டின் இரவுப்பணி தங்களுக்குச் சலிக்கவில்லை என்பதை முதலில் யோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.