ஓட்டப்பயிற்சி மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றா?

“தினமும் அரை மணி நேரம் ஓடினால் மனச்சோர்வு அறவே நீங்கிவிடும், மாத்திரைகளை இன்றே நிறுத்திவிடலாம்” என்று பரவிவரும் செய்தியின் முற்பாதி மிகைக்கூற்று, பிற்பாதி ஆபத்தானது.

இத்தகைய கூற்றுக்குப் பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுவது, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வாகும். 50 வயதும் அதற்கு மேலும் ஆன 156 நோயாளிகளுள் ஒரு பிரிவினர் உடற்பயிற்சியும், மற்றொரு பிரிவினர் செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மாத்திரையும், மூன்றாம் பிரிவினர் இரண்டும் பெற்றனர். 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர் என்பது உண்மையே. ஆனால், தொடக்கத்தில் விரைவாகத் தேறியவர்கள் மாத்திரை மட்டும் பெற்றவர்கள். பயிற்சியோ வாரம் மூன்று நாள், கண்காணிப்பின் கீழ் நடந்தது. எச்சிகிச்சையும் பெறாத பிரிவு ஒன்று இல்லாததால், தானாகவே தேறியவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த ஆய்விலிருந்து பிரித்தறிய இயலாது. பகிரப்படும் செய்திகளில் இவை எதுவும் இடம்பெறுவதில்லை.

உடற்பயிற்சி பெற்றோரைப் பெறாதோருடன் ஒப்பிட்ட 35 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் தொகுத்தபோது மிதமான பயன் தென்பட்டது. தரமான 6 ஆய்வுகளை மட்டும் கணக்கில் கொண்டபோது அப்பயன் வெகுவாகச் சுருங்கியது. ஆகவே, சிகிச்சையோடு சேர்த்து நடையோ ஓட்டமோ மேற்கொள்வது பொருத்தமானதே (படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருப்பவரிடம் “ஓடு” என்று சொல்வது எளிது, அவர் ஓடுவது எளிதன்று என்பதையும் மறக்கலாகாது). மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கக் குலைவு, பதற்றம் ஆகியவை தோன்றக்கூடும், நோயும் திரும்பக்கூடும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.