பந்து சுற்றும் அந்தச் சில நொடிகள்

கேசினோ என்றாலே ஏமாற்று வேலை என்கிறார்கள். ஏமாற்ற வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சுற்றும் சக்கரத்தில் பந்தை உருட்டிவிட்டு, அது எந்த எண்ணின் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ரவுலட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், பாதி சிவப்பு, பாதி கறுப்பு, கூடவே பச்சையில் ஒரு பூஜ்யம், ஆக 37 குழிகள். நீங்கள் கட்டிய எண் விழுந்தால் 35 மடங்கு லாபம் தருவார்கள். 36 தந்தால்தான் கணக்கு நேராகும். அந்த ஒன்றில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. 100 கட்டினால் சராசரியாக 2.7 அவர்கள் பக்கம் போகும். பூஜ்யம் இரண்டு இருக்கும் அமெரிக்கச் சக்கரத்தில் 5.26.

இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கட்டும் ஒவ்வொரு முறையும் இந்தப் பிடித்தம் உண்டு. ஜெயித்ததையே திரும்பத் திரும்பக் கட்டினால், கையில் கொண்டுபோன 1,000 ஒரே இரவில் 20,000 அளவுக்குப் பந்தயமாக ஓடிவிடும். அதில் 2.7 சதவீதம் 540. பாதிக்கு மேல் காலி! நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும், மற்றதைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். பல இடங்களில் சுவரில் கடிகாரம் மாட்டாததும், நோட்டை வாங்கிக்கொண்டு சிப்ஸ் என்னும் வண்ணச் சில்லுகளைத் தருவதும் அதற்குத்தான். நோட்டை நீட்டும்போது கை கொஞ்சம் தயங்கும், வண்ணச் சில்லுக்குத் தயங்காது.

1913-இல் மாண்டி கார்லோ கேசினோவில் ரவுலட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று கட்டிக் கட்டியே பலர் பெரும்பணத்தை இழந்தார்கள். முந்தைய சுற்றில் எங்கே விழுந்தோம் என்று பந்துக்குத் தெரியுமா என்ன?

சரி, இத்தனை தெரிந்தும் ஏன் போகிறார்கள்? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நண்பனோடு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெரியவர், இரண்டு விரலால் சிப்ஸை அடுக்குவதும் சரிப்பதுமாக இருந்தார். பந்து வேகம் குறைந்து தத்தத் தொடங்கியதும் அந்த விரல்கள் அப்படியே நின்றன. அந்த நொடியில் கடனோ, வீட்டுச் சண்டையோ எதுவும் அவர் முகத்தில் இல்லை. அந்த விடுதலைக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. சினிமாவுக்கு ஒதுக்குவதுபோல ஒரு தொகையோடு போய், தீர்ந்ததும் எழுந்து வருபவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எழுந்திருக்க முடியாதவர்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெரியவர் என்னிடம் மணி கேட்டார். ஐந்தரை என்றேன். காலையா, மாலையா என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த சிப்பை எடுத்து வைத்தார்.