250-ஆம் ஆண்டு மலரும் ரிஜிஸ்ட்ராரின் பெட்டியும்

அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த நம்மவர்களில் சிலர் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். புதுக் குடிமக்கள் கையில் சிறு கொடி கொடுத்து வாழ்த்துகிற பெண்கள். மார்பில் ரிப்பன், அதில் வரிசையாகக் குத்திய பதக்க ஊசிகள். அமெரிக்க விடுதலைக்காகப் பணி செய்தவர்களின் வழிவந்த பெண்கள் சேரும் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ என்ற சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்காரர்கள். டி.ஏ.ஆர். என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வரலாற்றுக் கட்டுரைப் போட்டி நடத்துவதும் இவர்கள்தான். பூர்வீகம் எதுவானாலும் எழுதலாம், நம் வீட்டுப் பிள்ளைகளும் எழுதலாம்.

2026-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 250 வயது. கிளைகள் தங்கள் வரலாற்றைத் தொகுத்து மலர் போட இதைவிடத் தோதான நேரம் வராது. என் ஆதங்கம் ஒன்றுதான். இப்படிப்பட்ட கிளை வரலாறுகளில் பலவும் நம்மூர் நூற்றாண்டு விழா மலர் மாதிரியே இருக்கின்றன: தொடங்கிய தேதி, தலைவிகளின் பெயர் வரிசை, நட்ட வெண்கலப் பலகைகள், குழுப் படம். யாரை எந்த ஆதாரத்தின் பேரில் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்க மறுத்தார்கள் என்பது, விண்ணப்ப ஆவணங்களைக் கவனிக்கும் ரிஜிஸ்ட்ராரின் பெட்டியிலும் கூட்டக் குறிப்பேட்டிலும் அப்படியே கிடக்கிறது. மலர் எழுதுகிறவர்கள் முதலில் அதைத்தான் திறக்க வேண்டும்.

சங்கம் பிறந்ததே ஒரு மறுப்பிலிருந்துதான். 1889-இல் அமைந்த ‘அமெரிக்கப் புரட்சியின் மகன்கள்’ சங்கம் மறு ஆண்டே பெண்களுக்கு இடமில்லை என்று தீர்மானித்தது. கொதித்துப்போன எழுத்தாளர் மேரி ஸ்மித் லாக்வுட், 1890 ஜூலை 13-இல் வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார். நியூ ஜெர்சியில் பிரிட்டிஷாரின் மன்னிப்பை ஏற்கத் தயாராகிக்கொண்டிருந்த ஆண்களை, தன் கணவன் உட்பட, நேருக்கு நேர் கண்டித்த ஹன்னா ஆர்னெட்டின் கதையைச் சொல்லி, இவளுக்கு உங்கள் தேசபக்தியில் இடமில்லையா என்று கேட்டார். அதே ஆண்டு அக்டோபர் 11-இல் வாஷிங்டனில் சங்கம் முறையாக அமைந்தது. குடியரசுத் தலைவரின் மனைவி கரோலைன் ஹாரிசன் முதல் தலைவி. 1891 மார்ச்சில் சிகாகோவில் முதல் கிளை.

கிளை தொடங்கக் குறைந்தது 12 உறுப்பினர்கள் வேண்டும். தலைவியை ரீஜென்ட் என்பார்கள். மேடையில் தெரிவது அவர்தான். ஆனால் கிளையின் முதுகெலும்பு ரிஜிஸ்ட்ரார். 18 வயது நிறைந்த பெண் எவரும் விண்ணப்பிக்கலாம். 1775 ஏப்ரல் 19 முதல் 1783 நவம்பர் 26 வரையிலான காலத்தில் விடுதலைக்காகப் பணி செய்த ஒருவரின் நேர் இரத்த வழியில் வந்தவர் என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. படைக்கு மாட்டையும் மாவையும் கொடுத்தவர், விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட்டவர், போருக்கான வரி கட்டியவர் எல்லோரும் கணக்கில் வருவார்கள்.

சொல்வது எளிது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு காட்ட வேண்டும். முக்கியமாக, இவர் இன்னாருடைய பிள்ளை என்ற இணைப்பைக் காட்ட வேண்டும். கடைசி மூன்று தலைமுறைக்கு அரசுச் சான்றிதழ்கள் கிடைத்துவிடும். மேலே போகப்போக இருட்டு. குடும்பத்தில் உள்ள எல்லோர் பெயரையும் தனித்தனியாக எழுதிய முதல் கூட்டாட்சிக் கணக்கெடுப்பு 1850-இல்தான் நடந்தது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று குறித்தது 1880-இல்தான். அதற்கு முந்தைய 60, 70 ஆண்டுகளில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்கி நிற்கும். அங்கே உயில், நிலப் பத்திரம், தேவாலயப் பதிவு என்று தேடியாக வேண்டும்.

அடிக்கடி சறுக்குகிற இடம் பெயர். அந்தக் காலப் பதிவுகளில் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்று இருந்தால் அப்பன், மகன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். இதைக் கவனிக்காமல் ஒருவரின் படைப் பணியை இன்னொருவர் தலையில் கட்டிய பழைய விண்ணப்பங்கள் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அதே முன்னோரைக் காட்டி வருகிறவரிடம் தலைமையகம் புதிதாக ஆதாரம் கேட்கிறது. கிளையைத் தொடங்கிய உறுப்பினரின் வம்சாவளியே இப்படி ஆட்டம் கண்டிருந்தால் மலரில் அதையும் எழுத வேண்டும். அதில் மானக்கேடு எதுவும் இல்லை.

படைப் பணிக்கு நல்ல ஆதாரம் ஓய்வூதியக் கோப்புகள். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்து ஆரம்பகால ஆவணங்கள் சாம்பலாகிவிட்டதால், அதற்குப் பின் வந்தவையே பெரும்பாலும் மிச்சம். 1832 சட்டப்படி ஆறு மாதப் பணிக்கே ஓய்வூதியம் உண்டு. கிழவர்கள் நீதிமன்றத்தில் நின்று எந்த அதிகாரியின் கீழ், எந்தச் சண்டையில் இருந்தோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். 1836-க்குப் பிறகு விதவைகளுக்கும் வழி பிறந்தது, ஆனால் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். அதற்காகக் குடும்ப பைபிளில் பிறப்பு, திருமணம் எழுதிய தாளையே கிழித்து அனுப்பினார்கள். அந்தத் தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன.

பைபிள் தாள் கிடைத்ததும் குதிக்கக் கூடாது. முதலில் தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1820-இல் அச்சான பைபிளில் 1760-இன் பிறப்பு இருந்தால், பின்னாளில் யாரோ நினைவிலிருந்து எழுதியது. அறுபது ஆண்டு நிகழ்வுகளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் ஒரே உட்காரலில் எழுதியது. தள்ள வேண்டியதில்லை, வேறொரு சான்றோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

போர் வீரர் கல்லறைகளைப் பேணுவது கிளைகளின் பெருமைக்குரிய வேலை. நல்லெண்ணத்தோடே அதிகம் கெடுவதும் அங்கேதான். எழுத்து தெரிய வேண்டும் என்று பழைய சலவைக்கல்லைக் கம்பி பிரஷால் தேய்த்தால் எழுத்தும் கூடவே உதிரும். பிளீச் ஊற்றினால் உப்பு கல்லுக்குள் இறங்கி, காய்ந்து விரியும்போது மேற்பரப்பைச் சர்க்கரைபோல் பொடித்துவிடும். ஷேவிங் கிரீம் பூசிப் படிப்பதும் கூடாது, அதில் அமிலம் இருக்கிறது. நிறையத் தண்ணீர், மென்மையான பிரஷ், கீழிருந்து மேலாகத் தேய்ப்பது போதும். படிக்கக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலை எழுத்தின் மேல் சாய்வாக விழச் செய்யலாம். உடைந்த கல்லை சிமெண்டில் நட்டால், சிமெண்ட் கல்லைவிட இறுக்கமானது என்பதால் கல்தான் விரிசல் விடும். சுண்ணாம்புக் காரை தேவை. முன்பு சிமெண்டில் நட்டதால் போன கற்கள் எவை என்பதும் கிளை வரலாறுதான்.

இனி, பலரும் தொடத் தயங்கும் பக்கம். 1939-இல் சங்கத்தின் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன் பாட இடம் கேட்டபோது மறுத்தார்கள். ஒப்பந்தத்தில் வெள்ளையர் கலைஞர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருந்தது. அன்றைய குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். ஏப்ரல் 9 ஈஸ்டர் அன்று லிங்கன் நினைவகப் படிகளில் ஆண்டர்சன் பாட, 75,000 பேர் திரண்டார்கள். இது தலைமையகத்தின் கதை என்று கிளைகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. உறுப்பினராகச் சேரக் கதவைத் திறப்பதும் மூடுவதும் கிளைதான். கேரன் பேட்ச்லர் 1977-இல் மிச்சிகனின் எஸ்ரா பார்க்கர் கிளையில் சேர்ந்தபோதுதான் சங்கம் அறிந்த முதல் கறுப்பின உறுப்பினர் வந்தார். வாஷிங்டனில் லீனா ஃபெர்குசனிடம் ஜோனா கே என்ற முன்னோருக்கான ஆதாரம் முழுமையாக இருந்தும் கிளையில் இடம் கிடைக்கவில்லை. 1984-இல் செய்தி நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்த பிறகே வழி பிறந்தது. அதன் விளைவாகவும் சங்கம் கறுப்பின, பூர்வகுடி வீரர்களைத் தேடித் தொகுத்தது. 2008 பதிப்பில் 6,600-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. வேலை செய்ய மனமிருந்தால் ஆவணம் கிடைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே மலர்க் குழுவினர் செய்யக்கூடியது இது. பழைய கூட்டக் குறிப்பேடுகளில் உறுப்பினர் வாக்கெடுப்புப் பக்கங்களைத் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். கிளை நட்ட ஒவ்வொரு பலகையின் வாசகத்தையும் இன்றைய ஆதாரத்தோடு ஒப்பிடுங்கள். தப்பான பெயர், தப்பான படைப்பிரிவு இருந்தால் பக்கத்திலேயே திருத்தத்தை அச்சிடுங்கள். அந்த 6,600 பெயர்களில் உங்கள் கவுண்டியைச் சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்து, தலைவிகளின் பட்டியலுக்கு முந்தைய பக்கத்தில் போடுங்கள்.